பணியாளர் போர்ட்டலும் மனநிறைவை அளக்கும் முறையும்



மேலாண்மைத் துறையின் சொற்பொழிவு என்றால் தலைமைப் பண்பு, உலகச் சந்தை, செயற்கை நுண்ணறிவு என்று பெரிய தலைப்புகளை எதிர்பார்ப்பது வழக்கம். நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியதாகத் தோன்றலாம். நிறுவனங்கள் தம் பணியாளர்களுக்காக நடத்தும் இணையத் தளங்களை எல்லாரும் ‘போர்ட்டல்’ என்றே சொல்கிறோம். நானும் அப்படியே சொல்கிறேன். அந்தப் போர்ட்டலால் பணியாளருக்கு மனநிறைவு உண்டா, இல்லையா என்பதை எப்படிக் கண்டறிவது? இதுதான் இன்றைய கேள்வி.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாத நிலைக்கு நாம் வந்துவிட்டோம். தமிழ்நாடு அரசின் கருவூலக் கணக்குத் துறை நடத்தும் ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ‘களஞ்சியம்’ என்ற பெயரில் அதன் செயலி அரசு ஊழியர்களின் கைப்பேசியில் இருக்கிறது. சுமார் 9 லட்சம் அரசு ஊழியர், ஆசிரியர்களின் சம்பளப் பட்டியல், பணிப்பதிவேடு, விடுப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். தனியார் துறைத் தொழிலாளிக்கு வருங்கால வைப்பு நிதி இருக்கிறது. 2014இல் 12 இலக்க யு.ஏ.என். எண் வந்த பிறகு, அந்தச் சேமிப்பு முழுவதும் ஒரு லாகினுக்குப் பின்னால் இருக்கிறது. பிரசவ விடுப்பு அனுமதியாவதும், மகளின் கல்யாணத்துக்கு முன்பணம் கிடைப்பதும், ஓய்வூதியக் கோப்பு நகர்வதும் இப்போது இந்தத் தளங்கள் வழியாகத்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணியாளருக்கு வேறு வழியே இல்லாத ஒரு தளத்தில் மனநிறைவை அளக்க வேண்டுமானால், தளம் எப்படி இருக்கிறது என்று கேட்பதால் கிடைப்பது குறைவு. அவர் எந்தக் காரியத்துக்காக அங்கே வந்தார், அந்தக் காரியம் முடிந்ததா, எத்தனை நாளில், யார் கையால் முடிந்தது என்று கேட்க வேண்டும். நம் நிறுவனங்களில் நடக்கும் பெரும்பாலான சர்வேக்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

இந்தத் துறையில் அளவுகோல்களுக்குப் பஞ்சமில்லை. மனப்பான்மையை எண்ணாக்கும் ஐந்து படி அளவை முறையை ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் தந்தார். கணினிப் பயனரின் மனநிறைவுக்கு பெய்லியும் பியர்சனும் 1983இல் 39 காரணிகளைப் பட்டியலிட்டார்கள். அவ்வளவு நீளமான பட்டியலை வேலைக்கு நடுவே யார் நிரப்புவார்கள்? 1988இல் டால், டோர்க்ஸாதே இருவரும் 12 கேள்விகளில் அதை அடக்கினார்கள். உள்ளடக்கம், துல்லியம், வடிவம், எளிமை, காலத்தோடு தகவல் கிடைத்தல் என்று ஐந்து கூறுகள். அடுத்த ஆண்டே ஃப்ரெட் டேவிஸ், பயனும் எளிமையும்தான் ஒருவரைத் தொழில்நுட்பத்தை ஏற்க வைக்கின்றன என்ற மாதிரியை வெளியிட்டார். இங்குள்ள ஆய்வு மாணவர்களில் பாதிப் பேர் அதை மேற்கோள் காட்டியிருப்பீர்கள். டிலோன், மெக்லீன் இருவரும் 1992இல் தந்த மாதிரியில் பயன்பாடும் மனநிறைவும் அடுத்தடுத்து நிற்கின்றன. 2003இல் அதைத் திருத்தியபோது சேவைத் தரத்தையும் சேர்த்தார்கள்.

பணியாளர் போர்ட்டலுக்கென்றே ஓர் அளவுகோல் வந்தது 2008இல். ஆஸ்திரேலியாவில் தோஜிப், சுகியாந்தோ, சென்ஜாயா மூவரும் உருவாக்கியது அது. பயன், எளிமை, அணுகும் வசதி, வடிவமைப்பு ஆகியவற்றோடு இரகசியம் காத்தலையும் அவர்கள் ஒரு தனிக் கூறாக வைத்தார்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பொருள் வாங்கும் தளத்தில் வாடிக்கையாளர் அஞ்சுவது முன்பின் தெரியாத திருடனுக்கு. அலுவலகத் தளத்தில் பணியாளர் அஞ்சுவது நன்றாகத் தெரிந்தவர்களுக்கு. என் மருத்துவ விடுப்பின் காரணத்தை யார் யார் பார்ப்பார்கள், சம்பளப் பிடித்தத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் பார்க்க முடியுமா என்ற கவலை அது. டால், டோர்க்ஸாதேயின் ஐந்து கூறுகளில் இந்தக் கவலைக்கு இடமே இல்லை.

இனி, கட்டாயப் பயன்பாடு பற்றி. வாடிக்கையாளருக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார். போனதே ஓர் அளவீடு. பணியாளர் எங்கும் போக முடியாது. ஆகவே எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண் நமக்கு எதையும் சொல்லாது. தினமும் இத்தனை ஆயிரம் லாகின் என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவு ஆண்டறிக்கையில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவருடைய விண்ணப்பம் ‘பென்டிங்’ என்றே காட்டிக்கொண்டிருந்தால் அவர் காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, வீட்டுக்குப் போய் ஒருமுறை திறந்து பார்ப்பார். அவருடைய தவிப்பும் பயன்பாட்டுக் கணக்கில் ஏறிவிடும். விருப்பத்தோடு பயன்படுத்துவோரை வைத்துக் கட்டிய மாதிரிகள் கட்டாயச் சூழலில் அப்படியே பொருந்துவதில்லை என்பதை சூசன் பிரவுனும் உடன் ஆய்வாளர்களும் 2002இல் வங்கித் துறையில் செய்த ஆய்வில் காட்டினார்கள். நம் ஆய்வேடுகளில் டேவிஸின் மாதிரியை எடுத்துக் கட்டாயத் தளங்களுக்குப் போட்டு, கேள்வி எழுப்பாமல் முடிவு சொல்வது இன்னும் நிற்கவில்லை.

கேள்வித்தாளின் அமைப்புக்கு வருகிறேன். இங்கே சற்று நின்று பேச வேண்டும்.

பயன்படுத்தும் எளிமையை அளக்க உலகில் அதிகம் பயன்படும் அளவுகோல்களில் ஒன்று எஸ்.யு.எஸ். இங்கிலாந்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் புரூக் 1986இல் உருவாக்கியது. 1996இல் நூலில் வெளிவந்தது. மொத்தம் 10 வாக்கியங்கள். ஒற்றைப்படை வாக்கியங்கள் தளத்தைப் பாராட்டும். இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்லும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும். ஒற்றைப்படைக்குக் குறித்த எண்ணில் 1 கழிப்போம். இரட்டைப்படையை 5இலிருந்து கழிப்போம். எல்லாவற்றையும் கூட்டி 2.5ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும். பல நூறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சராசரி 68 என்று கண்டிருக்கிறார்கள்.

இப்போது ஒருவர் கேள்விகளைப் படிக்காமலே பத்துக்கும் 4 என்று குறித்துவிட்டார் என்று வையுங்கள். ஒற்றைப்படை ஐந்துக்கும் தலா 3, அதாவது 15. இரட்டைப்படை ஐந்துக்கும் தலா 1, அதாவது 5. மொத்தம் 20, 2.5ஆல் பெருக்கினால் 50. எல்லாவற்றுக்கும் 5 போட்டாலும் 50தான். எல்லாவற்றுக்கும் 1 போட்டாலும் 50தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரே எண்ணைக் குறித்தவர் யாராக இருந்தாலும் 50இல் வந்து நிற்பார். விடைகளில் 50 என்ற எண் குவியலாகக் கிடந்தால், அங்கே யாரும் மனம் திறந்து பதில் சொல்லவில்லை என்று ஆய்வாளர் சந்தேகிக்க ஓர் ஆதாரம் கிடைக்கிறது.

நம் அலுவலக சர்வேக்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தளம் எளிமையானது, தளம் வேகமானது, தளம் எனக்கு உதவுகிறது, தளத்தைப் பிறருக்குப் பரிந்துரைப்பேன். எல்லாமே பாராட்டு வாக்கியங்கள். படிக்காமல் 5 போட்டவரும் படித்து 5 போட்டவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். அறிக்கையில் 90 விழுக்காடு மனநிறைவு என்று வரும். எதிர்மறை வாக்கியங்களைக் கலப்பதால் சிலர் குழம்பி மாற்றிக் குறிப்பதும் உண்டு. அதையும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். என்றாலும் அச்சத்தோடு நிரப்பப்படும் தாள்களில் அந்தக் குழப்பத்தைவிட ஒரே எண்ணைக் குறிக்கும் வழக்கம்தான் பெரிய ஆபத்து என்பது என் தீர்மானமான கருத்து.

சராசரியிலும் ஒரு மறைவு இருக்கிறது. கணக்குக்காக 100 பேரை எடுத்துக்கொள்வோம். 90 பேர் மாதம் ஒருமுறை பே ஸ்லிப் பதிவிறக்குபவர்கள், தலா 4.5 தருகிறார்கள். மீதி 10 பேர் பிறந்த தேதியைத் திருத்தவோ, வாரிசுதாரர் பெயரை மாற்றவோ, விட்டுப்போன ஊதிய உயர்வைச் சேர்க்கவோ அலைபவர்கள், தலா 1.5 தருகிறார்கள். மொத்தச் சராசரி 4.2. அழகான எண். அந்த 10 பேரும் அதற்குள் காணாமல் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு அதே வரிசையில் வேறு 10 பேர் நிற்பார்கள், அதற்கடுத்த ஆண்டு இன்னும் 10 பேர். பணிக்காலம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாருமே ஒருமுறை அந்த வரிசையில் நின்றிருப்பார்கள். அரிதாக வரும் வேலைதான் வாழ்க்கையைத் தொடும் வேலை. ஆகையால் சர்வேயைத் தளத்துக்கு ஒன்று என்று வைக்காமல், காரியத்துக்கு ஒன்று என்று பிரித்து வைக்கச் சொல்கிறேன். விடுப்புக்குத் தனி, திருத்தத்துக்குத் தனி, ஓய்வூதியத்துக்குத் தனி. அந்தக் காரியம் முடிந்த வாரத்திலேயே கேட்க வேண்டும்.

யாரிடம் கேட்கிறோம் என்பது அடுத்த சிக்கல். மேற்கு மாவட்டம் ஒன்றில் ஒரு நூற்பாலை, பெயர் வேண்டாம். அங்கே தொழிலாளர்களுக்குப் போர்ட்டல் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ஆலையின் டைம் ஆபீஸில் கிளார்க் ஒருவர் ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருந்தார். டோக்கன் நம்பர், பெயர், யூசர் ஐ.டி., பாஸ்வேர்டு என்று கோடு போட்டு, தொழிலாளர்கள் எல்லாருடைய விவரமும் அவர் கையெழுத்தில் இருந்தது. விடுப்பு வேண்டுமென்றால் தொழிலாளி வந்து சொல்வார். அவர் லாகின் செய்து போட்டுவிடுவார். ஓ.டி.பி. கேட்டால் மட்டும் சிக்கல். பணியிடத்துக்குள் போன் அனுமதி இல்லை; போன் லாக்கரில் இருக்கும். ஷிஃப்ட் முடியும்வரை காத்திருந்து, வாசலில் மடக்கி, ஓ.டி.பி.யை வாங்கிப் போடுவார். தலைமை அலுவலகத்திலிருந்து மனநிறைவு சர்வே வந்தபோதும் எல்லாருக்காகவும் அவரே நிரப்பியிருந்தார். எல்லாவற்றுக்கும் நாலு. ஏன் நாலு என்று கேட்டேன். “அஞ்சு போட்டா நம்ப மாட்டாங்க சார். மூணு போட்டா ஏன்னு கேள்வி வரும்” என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த ஆலையில் போர்ட்டல் என்று ஒன்று நடக்கிறதென்றால் அது அவரால்தான். ஆனால் ஆய்வின் மொழியில் பார்த்தால், அந்த ஆலையில் போர்ட்டலைப் பயன்படுத்துபவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் அவரைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய மனநிறைவும் குறையும் அவரைப் பற்றியவை. அரசு அலுவலகங்களில் பில் கிளார்க்கும், சிறிய பள்ளிகளில் கணினி தெரிந்த இளம் ஆசிரியரும், ஊர்ப்புறத்தில் பிரவுசிங் சென்டர்காரரும் இதே இடத்தில் இருக்கிறார்கள். நான் படித்த சர்வே தாள்களில் மிகச் சிலவே இந்தக் கேள்விகளைக் கேட்கின்றன: இந்த வேலையை நீங்களே செய்தீர்களா, வேறொருவர் செய்து கொடுத்தாரா? செய்து கொடுத்தவருக்குப் பணம் கொடுத்தீர்களா? உங்கள் பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டும் தெரியுமா? இந்த மூன்றையும் கேட்காத எந்த அளவுகோலும் தமிழ்நாட்டுத் தொழிலாளியின் நிலையைக் காட்டாது. கிளார்க்குகளையும் தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். தளத்தின் குறைகள் எல்லாம் அவர்களுக்குத்தான் அத்துப்படி.

காரியத்தை அளக்க வேண்டும் என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்பதற்கு நம் பெயர்களே போதும். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பான் கார்டில் அது முன்னால், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லை. தளத்துக்கு இந்த ஒரே ஆள் நான்கு பேர். வருங்கால வைப்பு நிதியில் பெயரோ பிறந்த தேதியோ ஆதாரோடு பொருந்தாவிட்டால் பணம் எடுக்கும் விண்ணப்பம் நிற்கும். திருத்துவதற்குத் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி தர வேண்டியிருந்தது. வேலை பார்த்த மில்லே மூடிப்போயிருந்தால் கையெழுத்துக்கு எங்கே போவது? தளத்தின் பக்கங்கள் எவ்வளவு அழகாக, வேகமாக இருந்தாலும் அவருக்கு என்ன பயன்?

2025 ஜனவரியில் அந்த விதி தளர்ந்தது. 2017 அக்டோபர் 1க்குப் பிறகு ஆதாரோடு இணைத்து வழங்கப்பட்ட யு.ஏ.என். உள்ளவர்கள், பெயர், பிறந்த தேதி போன்றவற்றை நிறுவனத்தின் கையெழுத்து இல்லாமலே தாமே திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு தொழிலாளியின் குறை தீர்ந்தது விதி மாறியதால். வடிவமைப்பு நிபுணருக்கு அதில் பங்கு குறைவு. மனநிறைவு குறைந்திருக்கிறது என்று கண்டவுடனே நிறுவனங்கள் செய்வது என்ன? முகப்புப் பக்கத்தின் நிறத்தை மாற்றுகிறார்கள், புதிய செயலி வெளியிடுகிறார்கள். குறை எந்த விதியில், யாருடைய மேசையில் சிக்கியிருக்கிறது என்பதைக் காட்டும்படி கேள்விகள் அமைந்திருந்தால் அந்தச் செலவு மிச்சமாகியிருக்கும்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். கனடா அரசு 2016 பிப்ரவரியில் ‘ஃபீனிக்ஸ்’ என்ற சம்பளத் தளத்தைத் தொடங்கியது. அதற்கு முன் 46 துறைகளில் இருந்த சுமார் 1,200 சம்பளப் பிரிவுப் பணியிடங்களை நீக்கிவிட்டு, மிராமிச்சி என்ற ஊரில் சுமார் 550 பேரோடு ஒரே மையம் அமைத்திருந்தார்கள். தொடங்கிய சில மாதங்களிலேயே சம்பளம் குறைவாக வந்தவர்கள், கூடுதலாக வந்தவர்கள், வராமலே போனவர்கள் என்று புகார் பெருகியது. 2017 ஜூனில் 1,50,000க்கும் மேற்பட்ட ஊழியர்களின் சம்பளக் கோரிக்கைகள் தீராமல் கிடந்தன என்றும், நிலுவைத் தவறுகளின் மதிப்பு 52 கோடி டாலருக்கு மேல் என்றும் அந்நாட்டுத் தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை தந்தார். செலவு வரம்பையும் கெடுவையும் காப்பதற்காக அதிகாரிகள் சில முக்கிய வசதிகளை நீக்கினார்கள், முன்னோட்டச் சோதனையையும் கைவிட்டார்கள் என்று 2018 அறிக்கை சொன்னது. ஊரூராக இருந்த, முகம் தெரிந்த சம்பளக் கிளார்க்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தளத்தை வைத்தார்கள் என்பதை நான் அடிக்கோடிடுகிறேன்.

அந்தத் தோல்வியிலும் ஒரு நல்ல பாடம் உண்டு. கனடா தன் ஊழியர் சர்வேயில் ஃபீனிக்ஸ் பற்றி நேரடியாகக் கேட்டது. உங்கள் சம்பளம் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டது, தீர்த்துவைக்கக் கிடைத்த உதவியில் உங்களுக்கு மனநிறைவு உண்டா, வேறு பணியிடம் தேடும் முடிவை இந்தச் சிக்கல் பாதித்ததா என்ற போக்கில் கேள்விகள் அமைந்தன. முடிவுகளைத் துறைவாரியாகப் பொதுவெளியிலும் வைத்தது. விளைவைக் கேட்பது என்றால் இதுதான். தளத்தின் எழுத்தளவு பற்றிக் கேட்டிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

இரகசியம் பற்றி ஒரு வார்த்தை. பணியாளர் எண்ணைப் போட்டு லாகின் செய்த பிறகு திறக்கும் சர்வேயில், ‘உங்கள் பெயர் வெளியிடப்படாது’ என்று எழுதுவதை யாரும் நம்புவதில்லை. நம்பாததில் நியாயமும் இருக்கிறது. ஐந்து பேர் மட்டும் உள்ள பிரிவில் பெண் ஒருவர்தான் என்றால், வயதும் பாலினமும் கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். பதில்களை வெளியாள் ஒருவர் சேகரிக்கட்டும். பத்துப் பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியாக வெளியிடாதீர்கள். தேவையில்லாத விவரம் எதையும் கேட்காதீர்கள். ஒரு பல்கலைக்கழகத் துறை இந்தச் சேகரிப்பை ஏற்றுச் செய்யலாம். நம் மாணவர்களுக்கு அதைவிட நல்ல களப்பணி கிடைக்காது.

வாயால் சொல்லாததைச் சர்வர் பதிவுகள் சொல்லும். ஒரே விண்ணப்பம் எத்தனை முறை திரும்பி வந்தது, பாதியில் விட்டுப் போனவர்கள் எந்தப் பக்கத்தில் விட்டார்கள், ஒரே கணினியிலிருந்து எத்தனை பேரின் லாகின் நடந்தது, இரவு பதினோரு மணிக்குமேல் சம்பளப் பட்டியல் ஏற்றும் கிளார்க்குகள் எத்தனை பேர். இவற்றைத் தனி மனிதரைக் கண்காணிக்கப் பயன்படுத்தக் கூடாது. மொத்தக் கணக்காக மட்டும் எடுத்து, கேள்வித்தாளின் விடைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தாளில் 4.2 என்று இருக்க, பதிவில் திருத்த விண்ணப்பங்களில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தால், எதை நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.

இங்கே அமர்ந்திருக்கும் மனிதவளத் துறை அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன். நீங்கள் ஆண்டுதோறும் கேட்கிறீர்கள், பணியாளர்களும் ஆண்டுதோறும் பதில் எழுதுகிறார்கள். முடிவு என்ன ஆயிற்று என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அடுத்த சர்வேயை அனுப்பும் முன், சென்ற சர்வேயின் முடிவை மாதச் சம்பளச் சீட்டோடு சேர்த்து எல்லாருக்கும் தமிழில் அனுப்புங்கள்: இத்தனை பேர் இந்தக் குறையைச் சொன்னார்கள், இதைச் சரிசெய்தோம், இதைச் செய்ய முடியவில்லை, காரணம் இது. அதைச் செய்த பிறகு கேள்வித்தாளை அனுப்புங்கள்.